போதைக்கு மருந்து எது?

போதைப் பழக்கத்திற்கு ஆளான பிள்ளையைத் திருத்த நம்மவர் வழிவழியாகக் கையாளும் உபாயங்கள் மூன்று: அடிப்பது, கோயிலில் சத்தியம் வாங்குவது, கால்கட்டுப் போடுவது. இரத்தோட்டை, எல்கடுவைத் தோட்டங்களின் லயங்களிலும் மாத்தளை நகரத்து வீடுகளிலும் இவை நடக்கக் காண்கின்றேன். மூன்றும் பலிக்காதபோது பொலிஸ் வருகின்றது. வைத்தியரை நாடுவோர்தாம் அரிதாக இருக்கின்றனர். இதுவே என் குறை.

சத்தியம் பொய்த்துப் போவதற்கு மனவுறுதியின்மை மட்டுமே காரணமன்று. ஹெரோயினுக்குப் பழகிய மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. திடீரென நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, வயிற்றோட்டம், உறக்கமின்மை ஆகியன வாட்டும். அவை சில நாட்களில் தணிந்தாலும் வேட்கை மாதக்கணக்கில் தொடரும். நெடுங்காலம் கடுங்குடிக்கு ஆளானவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புக் கண்டு உயிரே போகவும் கூடும். ஆகவே, நிறுத்துவதற்கும் வைத்தியர் துணை வேண்டும். 'ஐஸ்' பழக்கத்திற்கோ இன்றுவரை உறுதியான மருந்தில்லை. முறையான உளவளத்துணையே அதற்குரிய முதன்மையான சிகிச்சை.

அடைத்து வைத்தால் திருந்திவிடுவார்கள் என்பர் சிலர். பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் மரணமுற்றதையும், அதையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதையும் நாடு மறக்கலாகாது. அன்றியும், சில காலம் ஹெரோயினை விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. சிகிச்சையின்றி அடைத்து வைத்துப் பின்பு வெளியே விடுவது சாவின் வாயிலில் விடுவதற்கு ஒப்பாகும்.

நோயென்று சொன்னால் பொறுப்புணர்ச்சி போய்விடாதா என்று கேட்கலாம். நீரிழிவு கண்டவரை நாம் பழிப்பதில்லை. ஆயினும் பத்தியம் காப்பது அவர் பொறுப்பே. போதை நோயாளிக்கும் இதே நியாயம் பொருந்தும். ஒருமுறை தவறினால் மீண்டும் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமேயன்றிக் கைவிடலாகாது.

1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை கண்டியில் சிகிச்சை நிலையம் நடத்துகின்றது. 1927 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனையும் வழங்குகின்றது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு மட்டுமன்றித் தாமாக முன்வருவோரின் சிகிச்சைக்கும் இடமளிக்கின்றது. மாத்தளையிலிருந்து கண்டி எட்டாத் தொலைவன்று. ஆனால், ஒரு நாட்சம்பளத்தை இழந்து மகனை அழைத்துச் செல்லும் தோட்டத்துத் தாய்க்கு அது நெடும்பயணமே. மனத்தைத் திறந்து பேசித் தீர்க்க வேண்டிய நோய் இது. தாய்மொழியிலன்றி வேறெதிலும் மனம் திறவாது. எனவே, தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலைகளில் தமிழறிந்த உளவளத்துணையாளரை அமர்த்த வேண்டுமென்பது என் கோரிக்கை.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு சொல். மாணவன் தடுமாறுவதைப் பெற்றோருக்கு முன்பே காண்பவர் பல வேளைகளில் நாமே. அவன் பெயரை இடாப்பிலிருந்து வெட்டுவது எளிது. பெற்றோரைத் தனியே அழைத்து, மானம் போகாதபடி எடுத்துரைத்து, வைத்தியரிடம் அனுப்பி, அவன் மீண்டு வரும்போது அதே வாங்கில் இடம் கொடுப்பதே நம் கடமை.