எழுதாப் பாட்டும் செய்யுளே!

ஏட்டில் ஏறியது மட்டுமே இலக்கியம் என்னும் எண்ணம் தமிழுக்குரியதன்று. அது பிற்காலத்தே புலவர் கூட்டத்துட் புகுந்த வெறும் பெருமிதம். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுள் வழங்கும் நிலைக்களங்களை ஏழாக வகுத்தபோது, பாட்டும் உரையும் நூலும் நின்ற அதே வரிசையில் பிசியையும் முதுசொல்லையும் நிறுத்தினார். பிசியாவது விடுகதை, முதுசொல்லாவது பழமொழி. இரண்டும் வாயிற் பிறந்து வாயிலேயே வாழ்பவை. இவற்றோடு, பாட்டின் இயல்புடையதாய் வரும் பண்ணத்தி என்னும் ஒன்றையும் அவர் கூறினார். அதற்கு உரை வரைந்த பேராசிரியர், எழுதிப் பயிலும் வழக்கமில்லாத பாட்டு வகைகளையே அப்பெயர் குறிக்கும் என்னும் கருத்துப்பட விளக்கினார். எழுதாப் பாட்டுக்கு இலக்கணத்தில் இடமும் கொடுத்துப் பெயரும் கொடுத்த மொழி தமிழ். அம் மொழிக்குரியார், தம் வயல் வரப்பில் ஒலித்த பாட்டை 'நாடோடிப் பாடல்' என்று பெயரிட்டுப் புறந்தள்ளுவது எத்துணைப் பேதைமை!

நாடோடி என்பான் ஓரிடத்தில் நில்லாது நாடு நாடாய்த் திரிபவன். நடவுப் பாட்டுப் பாடியவரோ தலைமுறை தலைமுறையாய் ஒரே மண்ணில் காலூன்றி நின்றவர். அவரை நாடோடி என்றல் பொருளாலும் பொய், அறத்தாலும் பிழை.

குத்தாலத்தை எடுத்துக்கொள்க. பழைய தஞ்சை மாவட்டத்தில் இருந்து, 1991இல் நாகை மாவட்டத்திற் சேர்ந்து, 2020இல் அமைந்த மயிலாடுதுறை மாவட்டத்திற்கு உரியதாகிய காவிரித் தென்கரை ஊர் அது. தேவாரம் பாடிய மூவரும் அதனைத் துருத்தி என்றனர், துருத்தியாவது ஆற்றிடைக்குறை. அவ்வூர்க் கோயில் இறைவனுக்குச் சொன்னவாறறிவார் என்பது பெயர். சொன்னதைச் சொன்னவாறே அறிதல் இறைவனுக்கு மட்டுமன்று, வாய்ப்பாட்டைத் தொகுக்கப் புகுவார் எவர்க்கும் இன்றியமையாத நெறியாகும்.

இம் மண்ணின் பாட்டுக்குச் சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. புகாரை நீங்கிய கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடந்தனர். அவ்வழியின் எதிர்க்கரையிலேதான் துருத்தி உள்ளது. வழிநெடுகிலும் அவர் காதில் விழுந்த ஓசைகளை இளங்கோவடிகள் நாடுகாண் காதையில் ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டிக் கூறுகிறார். சேற்று வயலில் நின்ற கடைசியர் பாடிய விருந்திற் பாணி. ஏரொடு நின்ற உழவர் பாடிய ஏர்மங்கலம். நெற்களத்தில் எழுந்த முகவைப் பாட்டு. அரசர் குடியிற் பிறந்தவர் என்று சொல்லப்பெறும் அடிகள், உழவுக் கூலி மகளிரின் பாட்டுக்குத் தம் காப்பியத்தில் இடங்கொடுக்க நாணவில்லை. வள்ளைப் பாட்டையும் அம்மானையையும் ஊசல் வரியையும் அவர் தம் நூலிலேயே பாடி வைத்தார்.

குத்தால வட்டத்தைச் சேர்ந்த தேரழுந்தூர் கம்பர் பிறந்த ஊர். கம்பர் செய்த நூலின் பொருள்பற்றி மாறுபாடு கொண்டோர் பலர். ஆயினும் அவரைப்பற்றி மக்கள் வழங்கும் ஒரு கதையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏற்றம் இறைத்தோர் இலைமேல் தங்கிய பனித்துளியைப் பற்றி ஓரடியைப் பாடி, பொழுது சாய்ந்தமையால் வேலையை நிறுத்திவிட்டுச் சென்றனராம். அவ்வடியைக் கேட்ட கம்பர், அடுத்த அடி யாதாக இருக்கும் என்று இரவெல்லாம் எண்ணியும் தெளியாது, மறுநாள் ஏற்றம் தொடங்கும்வரை காத்திருந்தாராம். கதை நிகழ்ந்ததோ இல்லையோ, அதனைக் கட்டிய மக்களின் கருத்து தெளிவானது. பெரும்புலவனையும் காத்திருக்கச் செய்யும் ஆற்றல் தம் ஈரடிப் பாட்டுக்கு உண்டு என்று அவர்கள் அறிந்திருந்தனர். தம் பாட்டின் தகுதியை அவர்கள் ஐயுறவில்லை, ஐயுற்றவர் படித்தவரே.

அத் தகுதி எதில் உள்ளது? சுருக்கத்தில் உள்ளது. முதுசொல்லுக்கு நுண்மையும் சுருக்கமும் ஒளியும் வேண்டும் என்றார் தொல்காப்பியர். பிசியை ஒப்புமையால் அமைவது, ஒன்றைச் சொல்ல மற்றொன்று தோன்ற அமைவது என இரு வகையாக்கினார். தேங்காய், முட்டை, வெங்காயம், கிணறு என்று நாளும் கண்ணிற் படும் பொருள்களையே விடுகதை மறைத்துக் காட்டுகிறது. விடையறிந்த சிறுவன் அப்பொருளை முதன்முறை காண்பவன் போல் மீண்டும் காண்கிறான். உவமையணியை நூல்வழிக் கற்பதற்கு முன்பே அவன் அதனைப் பாட்டியின் மடியிற் கற்றுவிடுகிறான்.

நடவுப் பாட்டின் அமைப்போ உழைப்பின் அமைப்பு. நாற்றங்காலிற் பறித்த நாற்றை முடியாகக் கட்டி வயலில் வீசுவர். மகளிர் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னோக்கி நடப்பர். ஒருத்தி ஓரடியை எடுத்துக் கொடுக்க, மற்றையோர் அதனை வாங்கிப் பாடுவர். குனிந்த நெஞ்சில் நெடிய மூச்சுக்கு இடமில்லை. ஆகலின் அடி குறுகியது. பாடுவார் பலராகலின், அடுத்த அடியை நினைவிற் கொணர அடிமுதலில் எதுகையும் மோனையும் நின்றன. ஏற்றப்பாட்டிலோ, இறைத்த சால்களின் எண்ணிக்கையே பாட்டினுள் அமர்ந்தது. பாட்டுத் தவறினால் கணக்கும் தவறும். யாப்பிலக்கணம் வகுத்த தொடைகளை வெறும் அணியென்று கருதுவோர், அவை நினைவையும் உழைப்பையும் தாங்கிய தூண்கள் என்பதை இங்குக் காண்பாராக.

இவற்றைத் தொகுக்கும் பணி அயலவர் கையில் தொடங்கியது. சார்லசு கோவர் தென்னாட்டு மக்கட் பாட்டுகளை ஆங்கிலத்திற் பெயர்த்து 1871இல் நூலாக்கினார். மயிலாடுதுறைப் பகுதியின் திருச்சிற்றம்பலத்திற் பிறந்த மு. அருணாசலம் 1943இல் 'காற்றிலே மிதந்த கவிதை' என்னும் தொகுப்பை வெளியிட்டார். பெர்சி மாக்குயின் என்னும் ஆங்கில அலுவலர் திரட்டிய பாட்டுகளைக் கி.வா. சகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' என்னும் பெயரில் 1958இல் தஞ்சைச் சரசுவதி மகால் வெளியிட்டது. பின்னர் நா. வானமாமலை போன்றோர் இத்துறையை ஆழப்படுத்தினர். பல்கலைக்கழகங்களிலும் இன்று இத்துறைக்கு இடமுண்டு. ஆயினும் பாடியவர் குடிசைக்கும் தொகுப்பு நிற்கும் நூலகத்திற்கும் இடையே உள்ள தொலைவு குறையவில்லை.

பிலிப்பைன் தீவுகளை நோக்குக. 1565 முதல் 1898 வரை எசுப்பானியரின் ஆட்சியிற் கிடந்த நாடு அது. மக்களின் பெயர்கள்கூட அயன்மொழிக்கு மாறின. ஆயினும் தனாகா என்னும் நாலடிப் பாட்டு அழியவில்லை. அடிக்கு ஏழு அசை; நாலடியும் இறுதியில் இயைந்து ஒலிக்கும்; பாட்டு முழுதும் உருவகம் நிறைந்திருக்கும். 1754இல் மணிலாவில் அச்சான தகாலோகு அகரமுதலியில், நொசேடா, சான்லூகர் என்னும் கிறித்தவத் துறவியர் இருவர் அதனை அம்மொழியின் உயர்ந்த பாவகையாகவே குறித்தனர். மிண்டோரோ தீவின் மங்கியான் மக்கள் ஏழசையடிகளால் ஆன அம்பாகான் என்னும் பாட்டைக் கத்திமுனையால் மூங்கிலிற் பொறிப்பர். அவர்தம் எழுத்துமுறையை 1999இல் ஒன்றிய நாடுகளின் கல்வி பண்பாட்டு அமைப்பு உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அதற்கு முன்பே, 1993இல், கினாவ் பிலோக் என்னும் மங்கியான் பாடகருக்கு அந்நாட்டரசு நாட்டின் உயரிய கலைஞர்க்குரிய பட்டமும் உதவித்தொகையும் அளித்துப் பெருமைப்படுத்தியது. அங்குப் பாட்டுக்கு மட்டுமன்றிப் பாடியவருக்கும் பெயர் இருந்தது. தமிழ்நாட்டுத் தொகுப்புகளிலோ பாட்டு இருக்கிறது. பாடியவளின் பெயர் பெரும்பாலும் இல்லை.

பெயர் விடுபட்டதற்குக் கரணியம் மறதியன்று. நட்டவள் நிலமற்றவள், தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்தவள். நெல் அவள் கையால் விளைந்தும் அவளுடையதாகாதது போலவே, பாட்டும் அவள் வாயிற் பிறந்தும் அவளுடையதாகவில்லை. இதே காவிரிப் படுகையில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 திசம்பர் 25ஆம் நாளிரவு குடிசையோடு எரிக்கப்பட்டனர். அம் மக்களின் பாட்டை மட்டும் அழகென்று மேடையிற் போற்றி, அவர்தம் வாழ்வை மறப்பது தமிழ்ப்பற்றாகாது.

தனித்தமிழ் அன்பரிடையே ஒரு தடை எழுவதுண்டு. வாய்ப்பாட்டில் கொச்சை மிகுதி, பிறசொற்களும் கலந்துள்ளன, அவற்றைத் திருத்தியே அச்சேற்றல் வேண்டும் என்பர். இது நன்கு ஆராயத்தக்கது. நாற்றை 'நாத்து' என்பதும் ஆற்றை 'ஆத்து' என்பதும் ஒலித்திரிபே அன்றிப் பிறமொழிக் கலப்பாகா. கொச்சை வேறு, கலப்பு வேறு என்பதைத் தெளிதல் வேண்டும். தண்டவாளமும் உந்துவண்டியும் ஊருக்கு வந்தபோது அவற்றின் அயற்பெயரும் பாட்டில் ஏறியது உண்மையே. ஆனால், அரண்மனையிலும் அலுவலகத்திலும் வழக்குமன்றத்திலும் வடசொல்லும் பாரசீகமும் ஆங்கிலமும் மாறிமாறிக் கொலுவிருந்த காலமெல்லாம், நாற்றங்கால், முடி, மடை, பரம்பு, களம், பொலி, பதர், கருக்காய் என்னும் சொற்களை மாறாது காத்தவர் யாவர்? ஏடறியாத அவ்வுழவரும் உழத்தியருமே. சோழர் கல்வெட்டில் வரும் வாய்க்காலும் கண்ணாறும் அவர் வாயில் இன்றும் உயிரோடிருக்கின்றன. புதுச்சொல் ஆக்குவோர் அகரமுதலியைப் புரட்டுமுன் அவரிடம் கேட்டல் தகும். பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றித் தனி நூலே எழுதியது, சிறுவர் ஆட்டத்திலும் அதன் பாட்டிலும் பழந்தமிழ் மறைந்து கிடப்பதை உணர்ந்தமையாலன்றோ?

ஆகலின், திருத்துதல் தூய்மை செய்தலாகாது. சான்றை அழித்தலே ஆகும். சொன்னவாறு எழுதுக. திரிந்த சொல்லுக்குச் செவ்விய வடிவைப் பக்கத்திற் குறிக்கலாம். பாட்டினுள் கைவைத்தல் கூடாது.

இனி, காலம் நீட்டிக்க இயலாது. குறுவையும் சம்பாவும் தாளடியும் இன்றும் விளைகின்றன. ஆனால் நடவுப்பொறியும் நேரடி விதைப்பும் ஊர்தோறும் பரவிவிட்டன. கைந்நடவு நிகழும் வயலிலும் பாட்டொலி அருகிவிட்டது. பொறி வந்ததைக் குறை கூறுதல் அறமன்று. சேற்றில் நாள் முழுதும் குனிந்த முதுகுக்கு ஓய்வு கிடைத்தல் நல்லதே. பாட்டுக்காக ஒருத்தி மீண்டும் குனிய வேண்டும் என்பது கொடுமை. ஆனால் முதுகின் வலி போகும்போது பாட்டும் உடன்போக வேண்டும் என்னும் கட்டாயம் எங்குளது? ஏற்றம் நின்றபோது ஏற்றப்பாட்டு எழுதப்பெறாமலே பெரும்பகுதி மறைந்தது. அப் பிழை மீண்டும் நிகழலாகாது.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. கைப்பேசியே ஒலியைப் பதிந்து வைக்கும் காலம் இது. ஒவ்வோர் ஊரிலும் அகவை முதிர்ந்த மகளிரை அணுகி, அவர் இசைவு பெற்று, பாட்டையும் ஊரையும் பாடியவர் விரும்பின் அவர் பெயரையும் சேர்த்துப் பதிதல் வேண்டும். பள்ளியாசிரியர் கிழமைக்கு ஒரு விடுகதையை மாணவரிடம் வீட்டிலிருந்து கேட்டு வரச் சொல்லலாம். தமிழ் மன்றங்கள் தம் ஆண்டுவிழா மேடையில், பாவலர் அமரும் இருக்கைக்கு நிகரான இருக்கையை அம் மகளிர்க்கு இடல் வேண்டும். உயர்பள்ளிப் பாடநூலில் யாப்பைக் கற்பிக்கும் பகுதியில் பிசிக்கும் முதுசொல்லுக்கும் பண்ணத்திக்கும் தொல்காப்பியர் தந்த இடத்தை மீட்டுத் தருதல் வேண்டும்.

எண்பது அகவை கடந்த ஒருத்தி மறையும்போது, படியெடுக்கப்படாத ஓர் ஏட்டுச்சுவடி எரிகிறது. பழஞ்சுவடி தேடி ஊரூராய் அலைந்து தமிழை மீட்ட நாட்டில், கண்ணெதிரே இருக்கும் உயிருள்ள சுவடியைக் கேளாது விடுவது பொறுக்கத்தக்கதன்று. கேட்பார் வேண்டும், இன்றே வேண்டும்.