தோலில் செதில், முதுகில் வலி

வயலை நம்பி வாழும் ஊர்களில் முதுகு வலியை ஒரு நோயென்று எவரும் எண்ணுவதில்லை. வரிப்பத்தான்சேனையிலும் இறக்காமத்திலும் வரம்பு கட்டியவரோ நெல் மூட்டை சுமந்தவரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால், "வேலைக் களைப்பு, படுத்தெழும்பினால் சரியாகிவிடும்" என்போம். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால், படுத்தெழும்பினால் மிகுகின்ற முதுகு வலியும் ஒன்றுண்டு. அதற்கும் ஒரு தோல் நோய்க்கும் உள்ள உறவை இவ்வாரம் நோக்குவோம்.

அத்தோல் நோய் சொரியாசிஸ் எனப்படும். காளாஞ்சகப் படை என்பது சித்த வைத்தியர் வழங்கும் பெயர். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பு ஆகிய இடங்களில் தடிப்பும், அதன்மேல் வெள்ளி போன்ற செதிலும் தோன்றும். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி உடலைத் தாக்குவதால் இது விளைகின்றது. ஒரு மாதமளவில் முதிர்ந்து உதிரவேண்டிய தோல், சில நாட்களிலேயே மேலெழுந்து குவிந்துவிடுகின்றது.

இது தொற்றுநோயன்று. முற்காலத்தில் இதனைக் குஷ்டத்தோடு சேர்த்தே எண்ணினர். 1841ஆம் ஆண்டில் வியன்னா நகர வைத்தியர் ஹெப்ரா இரண்டும் வேறென்று தெளிவுபடுத்தினார். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவின் குஷ்டரோக வைத்தியசாலையைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நம் பகுதியில், செதிலைக் கண்டதும் பாயையும் கோப்பையையும் ஒதுக்கி வைப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை. குஷ்டமும் இன்று மருந்தால் குணமாகும் நோயே.

சொரியாசிஸ் உடையோரில் ஐவரில் ஒருவருக்கேனும் அதே அழற்சி மூட்டுகளையும் பற்றுகின்றது. சிலருக்கு அது முள்ளந்தண்டிலும், அத்தண்டு இடுப்பெலும்போடு சேரும் மூட்டிலும் குடிகொள்ளும். பெரும்பாலோர்க்குச் செதில் முதலில் தோன்றி, வலி பல ஆண்டுகள் கழித்தே வருவதால், இரண்டையும் ஒருவரும் தொடர்புபடுத்துவதில்லை.

இவ்வலியை அறிவது எங்ஙனம்? நாற்பது வயதுக்கு முன்னரே மெல்லத் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும். பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும். சுபஹுத் தொழுகைக்கு எழுபவர் ருகூஉவில் குனிய இயலாது விறைத்து நிற்பார். நடமாடத் தொடங்கி அரைமணி நேரம் சென்றபின் முதுகு இளகும். நரம்பு நசுங்கிய வலியோ பெரும்பாலும் காலில் இறங்கி மரத்துப் போகச் செய்யும்.

நரம்புக்கும் இதில் ஒரு பங்குண்டு. முள்ளந்தண்டிலிருந்து புறப்படும் 31 சோடி நரம்புகள் தோலுக்கு உணர்வூட்டுகின்றன. நரம்பு காயமுற்று உணர்ச்சி இழந்த இடத்தில் செதில் மறைந்ததையும், உணர்ச்சி மீண்டதும் செதிலும் மீண்டதையும் வைத்தியர்கள் பதிந்துள்ளனர். நரம்பு நுனிகள் சுரக்கும் பொருள்கள் தோலின் அழற்சியைத் தூண்டுவதே இதற்குக் காரணம் எனக் கருதுவர். எனினும், முதுகு நரம்பு நசுங்குவதால் சொரியாசிஸ் உண்டாகிறதென்று கொள்ளலாகாது.

காலந்தாழ்த்தினால் மூட்டு சிதையலாம். முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டலாம். அச்சேதத்தை மருந்து மீட்பதில்லை. முன்னரே தொடங்கினால் பெரிதும் தடுக்கும். ஆகவே, தோலுக்கு வைத்தியரை நாடுவோர் முதுகைப் பற்றியும், முதுகுக்கு நாடுவோர் செதிலைப் பற்றியும் மறவாமல் கூறுதல் வேண்டும். சட்டைக்குள் மறைத்த செதிலை வைத்தியர் தாமாக அறியமாட்டார். மணப்பேச்சுக்கு அஞ்சி மறைக்கும் பிள்ளைகளைப் பெற்றோரே தைரியமூட்டி அழைத்துச் செல்லுதல் நன்று.