முத்து விளையக் காலம் வேண்டும்

சென்ற ஆண்டு நம் பள்ளி விளையாட்டு விழாவிற்காக, "தமிழகமும் விளையாட்டும்" என்ற தலைப்பில் ஒரு தகவல் பலகை தயாரிக்கும் பொறுப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. பழைய செய்திகளைப் புரட்டிக்கொண்டிருந்த நாங்கள் ஒரிடத்தில் வியந்து நின்றுவிட்டோம். 2018-19 என்னும் ஒரே பருவத்தில், இந்திய அளவிலான இரண்டு கால்பந்து லீக் கோப்பைகள் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கின்றன. ஒன்று ஆடவர் வென்றது. மற்றொன்று பெண்கள் வென்றது.

அப்போது நாங்கள் ஆரம்பப் பள்ளிச் சிறுமிகள். எங்களுக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. ஆனால் பெரியவர்களைக் கேட்டோம். ஆடவர் வென்றதைப் பலர் சொன்னார்கள். பெண்கள் வென்றதைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒரே ஆண்டில் வந்த இரண்டு வெற்றிகளில் ஒன்றுக்கு மட்டும் ஏன் நினைவு இல்லை? இந்தக் கேள்விதான் எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

முதலில் ஆடவர் கதையைப் பார்ப்போம். சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஐ-லீக் போட்டியில் ஆடியது. 2018 அக்டோபரில் தொடங்கிய பருவம் 2019 மார்ச் வரை நீண்டது. ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள். பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். கடைசி நாளான மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்ற பிறகுதான் கோப்பை உறுதியாயிற்று. சென்னை சிட்டி 43 புள்ளிகள். இரண்டாம் இடம் பெற்ற ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகள். ஒரே ஒரு புள்ளி வேறுபாடு! ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். கோவை மக்கள் மாதக்கணக்கில் மைதானத்துக்குச் சென்று, வெற்றியையும் தோல்வியையும் கண்ணால் கண்டார்கள். அதனால் அது அவர்கள் நெஞ்சில் தங்கிவிட்டது.

இனிப் பெண்கள் கதை. இந்தியப் பெண்கள் லீக் 2016-17இல்தான் தொடங்கியது. அதன் மூன்றாம் பருவத்தில், மதுரையை இருப்பிடமாகக் கொண்ட சேது கால்பந்துக் கழகம் களம் இறங்கியது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த் என்ற பெண்மணி. நேபாளத்திலிருந்து வந்த சபித்ரா பண்டாரி கோல்களைக் குவித்தார். மணிப்பூர், தமிழகம், நேபாளம் என்று பல ஊர்ப் பெண்கள் ஒரே சட்டை அணிந்து ஆடினார்கள். இறுதியாட்டத்தில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என்று வென்று வாகை சூடினார்கள். கால்பந்தில் மணிப்பூர்ப் பெண்களை வெல்வது எளிதான காரியமன்று என்பதை விளையாட்டு அறிந்தவர் அறிவர்.

ஆனால் இந்தப் பெரும் போட்டி நடந்த இடம் எது? பஞ்சாப் மாநிலம் லூதியானா. எல்லா ஆட்டங்களும் அந்த ஒரே ஊரில். நடந்த காலம் எவ்வளவு? 2019 மே மாதத்தில் மூன்று வாரங்களுக்குள். வடநாட்டுக் கோடை வெயிலில், ஓய்வுக்கு இடமின்றி அடுத்தடுத்து ஆட்டங்கள். மதுரையில் ஓர் ஆட்டமும் இல்லை. கைதட்ட மதுரை மக்களுக்கு வாய்ப்பும் இல்லை. ஆடவருக்கு ஐந்து மாதப் பருவம்; பெண்களுக்கு மூன்று வாரப் பருவம். கண்ணில் படாதது கருத்தில் எப்படித் தங்கும்?

தோழியரே, பருவம் என்ற சொல்லின் பொருளை முத்துக் குளித்த நம் ஊருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கொற்கை காலம் முதல் பேர்பெற்றது நம் கடல். நினைத்த நேரத்தில் குதித்து எவரும் சிப்பி அள்ளியதில்லை. சிப்பி முதிர நாலைந்து ஆண்டுகள் வேண்டும். அரசாங்கத்தார் முன்கூட்டியே ஆளை இறக்கிப் பார் பார்ப்பார்கள். சிப்பி இளசாக இருந்தால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. கடலை அப்படியே விட்டுவிடுவார்கள். முற்றிய சிப்பி என்று கண்டால்தான், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் குளிப்பு நடக்கும். 1961ஆம் ஆண்டோடு நம் தூத்துக்குடியில் அந்த முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. ஆயினும் நம் முன்னோர் கற்ற பாடம் நிற்கவில்லை: இளஞ்சிப்பியை எடுத்தால் முத்தும் இல்லை, சிப்பியும் இல்லை.

இப்போது எங்கள் குறையைச் சொல்கிறோம். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆறாம் வகுப்பில் பந்தாட வந்தவர்கள் நாங்கள் இருபத்திரண்டு பேர். சரியாக இரண்டு அணிகள். ஏழாம் வகுப்பிலும் அப்படியே. எட்டாம் வகுப்பில் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் எண்ணிப் பார்த்தால் ஏழு பேர். காலில் அடிபட்டு நின்றவள் ஒருத்திகூட இல்லை. "பெரிய பெண்ணாகிவிட்டாய், போதும்" என்ற ஒரு சொல்லில் நின்றவர்களே எல்லோரும். எங்கள் பின்களத்தில் சுவர்போல் நின்ற தோழி ஒருத்தி இருந்தாள். அவளைத் தாண்டிப் பந்து போகாது. இன்று அவள் மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து எங்கள் தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் காவல் இருக்கிறாள். அவளுடைய அண்ணன் தருவை மைதானத்தில் ஆடிவிட்டுப் பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புகிறான். அவனுக்கு இன்னும் பருவம் முடியவில்லை. அவளுக்குப் பதின்மூன்று வயதில் முடிந்துவிட்டது.

சேது அணிக்கு மூன்று வாரம். எங்களுக்கு மூன்று வகுப்பு. இரண்டும் ஒரே குறைதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

பெற்றோர் சொல்லும் காரணங்களை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. எங்கள் நன்மையை நாடியே சொல்கிறார்கள். ஆயினும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போமா?

"வெயிலில் ஆடினால் நிறம் கறுத்துவிடும்" என்கிறார்கள். நம் ஊர் உப்பளங்களில் சித்திரை வெயிலில் உப்பு வாருகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர்? வெயில் பெண்ணுக்கு ஆகாது என்று அங்கே எவரும் சொல்லக் கேட்டதில்லை. தலையில் மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக நடக்கும் தாய்மாரிடமும் சொன்னதில்லை. உழைப்பதற்கு ஆகும் வெயில் விளையாடுவதற்கு மட்டும் ஆகாதா?

"படிப்பு கெட்டுவிடும்" என்கிறார்கள். இது நியாயமான கவலையே. ஆனால் கைப்பேசியில் கரையும் ஒரு மணி நேரத்தைப் பந்துக்குக் கொடுத்தால் படிப்புக்கு என்ன நட்டம்? இந்துமதி கதிரேசன் என்ற வீராங்கனை சேது அணியிலும் இந்திய அணியிலும் ஆடியவர். கடலூர் மாவட்டத்துப் பெண். அவர் தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றியவர். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது சென்னை வீதிகளில் காவல் பணியில் நின்றார். பந்து அவருடைய வாழ்வைக் கெடுக்கவில்லை. காக்கிச் சட்டை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

"இது பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் அன்று" என்பது கடைசிக் காரணம். இதை முதலில் சொன்னவர்கள் நம் ஊரார் அல்லர். கால்பந்துக்குத் தாயகமான இங்கிலாந்தில் 1920ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் மறுநாள், பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தைக் காண லிவர்பூல் நகரில் ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், கால்பந்து பெண்களுக்குத் தகாது என்று கூறித் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்தக் கதவு திறக்கவில்லை. கூட்டம் வராததால் மூடவில்லை. கூட்டம் வந்தபோதே மூடினார்கள் என்பதைக் கவனியுங்கள். பெண்ணால் முடியாது என்ற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது, பெண்ணை விடமாட்டோம் என்ற பேச்சுதான்.

விட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கடலூரே சாட்சி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. கடலூர்க் கரை பேரிழப்பைக் கண்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அங்கே அரசு இல்லம் திறக்கப்பட்டது. அந்த ஊரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர், இல்லத்துச் சிறுமியரையும் ஏழை வீட்டுச் சிறுமியரையும் மைதானத்துக்கு அழைத்து ஆண்டுக்கணக்கில் கால்பந்து கற்பித்தார். இந்துமதி, சந்தியா ரங்கநாதன் என்று அந்த மாவட்டத்திலிருந்து இந்திய அணி வரை பெண்கள் சென்றார்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் தமிழகப் பெண்கள் அணி, பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. 2023இல் அமிர்தசரசில் அரியானாவை வென்று இரண்டாம் முறையும் பெற்றது. அங்கே செய்த மாயம் என்ன? ஒரு மைதானம், ஒரு பந்து, அழைக்க ஓர் ஆசிரியர், நடுவில் நிறுத்தாத காலம். இவ்வளவுதான்.

கோப்பை ஒன்று வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் எண்ணவில்லை. கோவையில் வெற்றிக் கொடி நாட்டிய சென்னை சிட்டி கழகம் சில ஆண்டுகளிலேயே தேசியக் களத்திலிருந்து மறைந்துவிட்டது. சேது கழகமோ 2021-22இல் மீண்டும் போராடி, கோகுலம் கேரளா அணியிடம் கடைசி ஆட்டத்தில் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. பெண்கள் லீக்கும் மெல்ல வளர்ந்திருக்கிறது. 2023-24இல் முதன்முறையாக, சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறை வந்தது. ஏழு அணிகள், அணிக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள், டிசம்பர் முதல் மார்ச் வரை. மூன்று வாரம் நான்கு மாதம் ஆயிற்று. தேசத்து லீக்கிலேயே பெண்களின் பருவத்தை நீட்ட முடியுமானால், ஒரு பள்ளிக்கூடத்தில் முடியாதா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

எங்கள் அன்புச் சகோதரிகளுக்கு: ஒன்பதாம், பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுத்துவிட வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலைகள் பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் மைதானத்தைத் திறந்துவையுங்கள். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இளமையில் போலந்து நாட்டில் கோல் காத்து நின்றவர் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் நீங்கள்தானே!

எங்கள் பெற்றோருக்கு: முழங்கால் மூடும் கால்சட்டை அணிந்து ஆடுகிறோம். வேண்டுமானால் மைதானத்துக்கே வந்து உட்காருங்கள். அண்ணன் தம்பிமாரின் ஆட்டத்தைப் பார்க்கும் அப்பாக்கள் எங்கள் ஆட்டத்தையும் ஒரு நாள் வந்து பாருங்கள். அன்று நாங்கள் தோற்றாலும் பரவாயில்லை.

எங்கள் தங்கையருக்கு: ஆறாம் வகுப்பில் பந்தைத் தொட்ட நீங்கள், யாரோ ஏதோ சொன்னார் என்று எட்டாம் வகுப்பில் விட்டுவிடாதீர்கள். அக்காமார் நாங்கள் வந்து உங்கள் அம்மாவிடம் பேசுகிறோம்.

எங்களில் எல்லோரும் இந்திய அணிக்குப் போகப் போவதில்லை. அது எங்களுக்கே தெரியும். எல்லாச் சிப்பியிலும் முத்து இருந்ததில்லை என்பது முத்துக் குளித்தவருக்கும் தெரியும். ஆயினும் எதில் இருக்கிறது என்று அறிய, எல்லாவற்றையும் முதிரவிட்டார்கள். நாங்கள் கேட்பதும் அந்தக் காலம் ஒன்றைத்தான்.

இக்கட்டுரையை முதலில் வாசித்துக் காட்டியது, தண்ணீர்ப் பாட்டில்களுக்குக் காவல் இருக்கும் அந்தத் தோழியிடம். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "பழைய பூட்ஸ் இன்னும் எனக்குப் பத்துமா?"

பத்தாவிட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம், தோழி. நீ வா.