நாய்க்குட்டியும் மிக்சி சத்தமும்

மக்களே, "மிக்சி பக்கத்திலேயே கட்டிப்போடுங்க சார், பயம் தெளிஞ்சிரும்" என்று சிலர் சொல்கிறீர்கள். தெளியாது. முந்தைய குட்டியை ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் பக்கம் கட்டித்தான் வளர்த்தேன். ஒரு கிறிஸ்துமஸ் இரவு வெடிச்சத்தத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, திரும்பி வரவில்லை.

புதிய சத்தங்களைக் குட்டி எளிதில் ஏற்கும் பருவம் 3 வாரத்தில் தொடங்கி 12, 14 வாரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் இப்போதுள்ள குட்டிக்கு, அடுக்களையில் மிக்சி ஓடும்போது முன்னறையில் முள்ளில்லாத மீன்துண்டு கொடுக்கிறேன். வாலை ஆட்டினால் மறுநாள் ஓரடி பக்கம். நடுங்கினால் பின்னே போய்விடுவோம், அதட்டுவதில்லை. (பிரம்போடு திரிந்த வாத்தியாரா இப்படி என்று சிரிக்காதீர்கள்.)

குக்கர் விசில் பழகிவிட்டது. வெடிச்சத்தத்தை செல்போனில் மெதுவாக வைத்துத் தொடங்கியிருக்கிறேன். அருமனையில் டிசம்பர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் வெடி போடுகிறவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள், குட்டியை உள்ளே எடுத்துக்கொள்கிறேன்.