பட்டி பார்த்த ஜீப்பும் பார்க்காத பிரேக்கும்

பழைய ஜீப் வாங்கப் போறவனுக்கு ஊரே புத்தி சொல்லும். ஆர்.சி. புக்கைப் பாரு, சேஸிஸ் நம்பரைத் தேய்ச்சுப் பாரு, அடியில படுத்துப் பாருன்னு. அதே ஜீப் அப்பா சொத்தா வந்தா யாரும் எதையும் பார்க்கச் சொல்றதில்லை. "அப்பா ஓட்டின வண்டிடா, பத்திரமா வச்சுக்கோ." அவ்வளவுதான். என் கருத்து இதுக்கு நேர் எதிர். காசு குடுத்து வாங்கின வண்டியைவிட வாரிசா வந்த வண்டியைத்தான் அக்கக்காகப் பிரிச்சுப் பார்க்கணும். ஏன்னா அதைச் சந்தேகப்பட நமக்கு மனசே வராது.

எங்களுடையது மஹிந்திரா சி.ஜே.3பி. 1979ல் பதிவான வண்டி. பானட் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்த மாடல். (பானட் உயரத்துக்கு ஸ்டைல் காரணமில்லை. அதில் வந்த ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜினில் இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். அதனால் பழைய வில்லீஸ் என்ஜினைவிட உயரம் அதிகம். பானட் மூடவில்லை என்று பானட்டையே உயர்த்திவிட்டார்கள்.) அமெரிக்காவில் 1953ல் வந்து 1968ல் நின்றுபோன வண்டி இது. மஹிந்திரா புண்ணியத்தில் நம்ம நாட்டில் அதற்கப்புறமும் பல வருஷம் ஓடியது.

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் போகிற பக்கம், மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு. அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் மாந்தோப்பு, ஒரு பக்கம் தென்னை, எதிரே மலை. மழைக்காலத்தில் கோவில் ஆற்றில் திடீரென்று தண்ணீர் வந்து, சாமி கும்பிடப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொள்வதும் உண்டு. இந்த மாதிரி இடத்தில் ஜீப் என்பது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு கிடையாது. உர மூட்டை, தேங்காய், வேலையாட்கள், எல்லாம் அதில்தான். ராத்திரி தோப்புக்குள் யானை இறங்கிவிட்டால் காவலுக்கு இருப்பவரைக் கூட்டிக்கொண்டு வரவும் அதேதான்.

அப்பா போவதற்கு மூன்று வருஷம் முன்னால் வண்டியை ஒரு பட்டறையில் விட்டு "முழு வேலை" பார்த்தார். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். ஒண்ணேகால் லட்சம் ஆச்சு. பில்லில் ஒரே ஒரு வரி: 'ஜீப் ஃபுல் ரிப்பேர்'. வண்டி வந்தபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது, அதைச் சொல்லணும். பச்சைப் பெயின்ட், கறுப்பு சீட், புது ஹூட். தெருவே வந்து பார்த்தது.

வாரிசாக என் கைக்கு வந்ததும் பிரிக்க ஆரம்பித்தேன். தெரிந்த பழைய மெக்கானிக் ஒருத்தர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் கீழே படுத்து, பின்னாடி பட்டை மாட்டுகிற இடத்தில் சேஸிஸை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். பொலபொலவென்று உதிர்ந்தது இரும்பு இல்லை, பட்டி! துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி எடுக்காமல், மேலே ஒரு தகட்டை நாலு புள்ளி வெல்டிங் வைத்து ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பாடிக்குப் பட்டி பார்ப்பது ஊர் வழக்கம். சேஸிஸுக்கு எதுக்குய்யா பட்டி? "தெரியாமச் செஞ்சிருந்தா பட்டி போட்டிருக்க மாட்டான் தம்பி"ன்னார் அண்ணாச்சி.

அது கூடப் பரவாயில்லை. பிரேக் கதை கேளுங்கள். இந்த ஜீப்புக்கெல்லாம் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, லைன் ஒன்று. இப்போதைய கார்களில் பிரேக் லைன் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். இதில் அந்த வசதி கிடையாது. நாலு சக்கரத்தில் எந்தப் பைப் ஒழுகினாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும். எங்கள் வண்டியில் பின்பக்க இடது சக்கரத்துக்குப் போகிற பைப் ஒழுகியிருக்கிறது. அந்தப் புண்ணியவான் என்ன செய்தான் தெரியுமா? பைப்பைச் சுத்தியலால் நசுக்கி, மடக்கி, அடைத்துவிட்டான். ஒழுகல் நின்றது. கூடவே அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கும் நின்றது. மூணு சக்கரப் பிரேக்கில் அப்பா மூன்று வருஷம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். பிரேக் போட்டால் வண்டி வலது பக்கம் இழுக்கும். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு, பிரேக்கை மிதிக்கும்போதே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடது பக்கம் பிடித்துக்கொள்வார். அதை நினைத்தால் இப்பவும் வயிறு என்னமோ செய்யும்.

பிரேக் ஆயிலுக்குப் பதில் வேறு ஏதோ எண்ணெயையும் ஊற்றியிருந்தார்கள். என்ஜின் ஆயில் மாதிரி எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிவிடும். ஒன்றிரண்டை மாற்றினால் போதாது. மாஸ்டர் சிலிண்டர் கிட், நாலு வீல் சிலிண்டர் கிட், ஹோஸ் எல்லாமே புதுசு போட்டு, பைப்பையும் புதுசாக இழுத்தோம்.

ஸ்டியரிங்? முன் சக்கரத்தில் கிங் பின் பேரிங் தேய்ந்து குழி விழுந்திருந்தது. அதனால்தான் நாற்பதில் போகும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் இரண்டும் தடதடவென ஆடும். பேரிங்கை மாற்றி, ஷிம் வைத்து டைட் பார்க்க ஒரு நாள் வேலை. அதற்குப் பதில் ஸ்டியரிங் பாக்ஸ் ஸ்க்ரூவை இறுக்கி விட்டிருந்தார்கள். பட்டறை வாசலில் ஓட்டிப் பார்த்தால் பிளே இல்லை, ஜோராக இருக்கும். ஆட்டம் போகாது. பாக்ஸும் உள்ளே தேய்ந்துபோகும்.

கடைசியாக ஒரு வேடிக்கை. முன் ஆக்ஸிலுக்குப் போகிற புரப்பல்லர் ஷாஃப்ட்டையே காணோம்! ஃபோர் வீல் லீவர் மட்டும் அழகாக விழும். கிராஸ் தேய்ந்து சத்தம் வந்திருக்கும், கழற்றிப் போட்டதும் சத்தம் போயிருக்கும். அப்பா ஒரு மழைக்கு, ஃபோர் வீல் போட்டும் மணலில் புதைந்து நின்றுவிட்டு, டயர்தான் தேய்ந்துவிட்டது என்று இரண்டு புது டயர் வாங்கினார். அந்த டயர் இன்னும் நல்லாத்தான் இருக்கு :-)

"இந்தக் காலத்து மெக்கானிக் யாருக்கும் வேலை தெரியலை" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மேலே சொன்ன ஒவ்வொரு வேலையும் வேலை தெரிந்தவன் செய்ததுதான். எங்கே நசுக்கினால் ஒழுகல் நிற்கும், எதைத் திருகினால் பிளே மறையும் என்று தெரியாதவனுக்குத் தெரியுமா? கோளாறு காசு குடுக்கிற நம்ம முறையில் இருக்கு. ஸ்பேர் பார்ட்ஸ் பில்லைப் பேசாமல் குடுத்துவிடுவோம். கூலி என்று வந்தால் மட்டும் பேரம். "ஒரு பேரிங் மாத்த ரெண்டாயிரமா?" கேட்டிருக்கீங்களா இல்லையா? ஆனால் பெயின்ட்டுக்கு அள்ளிக் குடுப்போம், அது தெருவுக்குத் தெரியுதே. பட்டறைக்காரன் முட்டாளா? எதற்குக் காசு வருதோ அந்த வேலையைச் செய்கிறான். அவனை நான் மன்னிக்கவில்லை, பிரேக் பைப்பை நசுக்கியதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அண்ணாச்சி மாதிரி ஆட்கள் ஒரு நாள் முழுக்க ஷிம் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, ஐந்நூறு ரூபாய் கேட்கக் கூச்சப்படுகிற நிலைமையை உண்டாக்கினது யாரு?

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கழற்றின பழைய சாமான் அத்தனையையும் ஒரு சாக்கில் போட்டு வண்டிக்காரர் கையில் குடுத்துவிடுவார். இதை எல்லாரும் கேட்டு வாங்கணும் என்பேன். அடுத்தது, வேலை வேலையாகப் பிரித்து எழுதின பில். அப்புறம், பெயின்ட்டை வேலை முடிந்து ஒரு மழைக்காலம் ஓட்டின பிறகு மட்டும் அடிக்கணும்.

என்ஜின் தனிக் கதை. 90களில் டீசல் மலிவாக இருக்கிறதே என்று ஊர்பூரா ஜீப்பில் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றினார்கள், அப்பாவும் செய்தார். ஆர்.சி.யில் மாற்றித் தருகிறோம் என்ற ஏஜென்ட் மாற்றவில்லை. வண்டி டீசல், புக் பெட்ரோல். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் குடுத்த தீர்ப்புக்குப் பிறகு இந்த மாதிரி மாற்றங்களுக்கு இறுக்கம் ஜாஸ்தி. (ஹரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊரே ஜீப்பை விதவிதமாக மாற்றிக் குடுப்பதற்குப் பேர்போனது. அங்கே செய்த வண்டிகளை இங்கே ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.) நல்லவேளை, அப்பா எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. பழைய ஹரிக்கேன் என்ஜின் தோப்பு மோட்டார் ரூமில் சாக்குக்குக் கீழே கிடந்தது. நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போனது. போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் பார்த்து ஏற்றிவிட்டோம். லிட்டருக்கு ஏழு, எட்டுதான் குடுக்கும். தோப்புக்குப் போய்வர அது போதும்.

வாரிசு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தகவல் சொல்லணும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 குடுக்கணும். வாரிசுச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கும், சீக்கிரம் ஆரம்பியுங்கள். வேறு வாரிசுகள் இருந்தால் அவர்கள் சம்மதமும் வேணும். என் தங்கை கையெழுத்துப் போடும்போது கேட்ட ஒரே கேள்வி, "பிரேக் பிடிக்குமா அண்ணே?"

பிடிக்கிறது. நாலு சக்கரமும், நேராக. முன் ஷாஃப்ட் பழைய மார்க்கெட்டில் கிடைத்தது, கிராஸ் மட்டும் புதுசு. போன ஐப்பசி மழையில் தோப்புப் பாதைச் சகதியில் லீவரைப் போட்டதும் முன் சக்கரம் இழுத்தது. (இதைப் படித்துவிட்டு ஆற்றுக்குள், காட்டுக்குள் ஜீப்பை விடலாம் என்று யாரும் கிளம்பாதீர்கள். 2021லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம்.) வண்டி இன்னும் ரெட் ஆக்சைடு பிரைமரோடு நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் எப்பப்பா பெயின்ட் அடிப்ப என்கிறார்கள். சேஸிஸில் புதுசாக வைத்த வெல்டிங்கை இன்னொரு மழை பார்க்கட்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.