கால் வீங்கினால் தைலப் புட்டியை எடுக்காதீர்கள்

எங்கள் பெரியக்கா வீட்டு அத்தானுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. மார்கழி மாதம், விடியற்காலை. பல் தேய்க்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். மூளையில் அடைப்புதான், ரத்தக்கசிவு இல்லை, உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடுங்கள் என்றார்கள். காலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தால்தானே!

பதினைந்தாம் நாள் வாக்கில் இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கியது. தொட்டால் சூடாக இருந்தது. "விழுந்த காலில் நீர் இறங்கத்தான் செய்யும்" என்றார் பார்க்க வந்த ஒருவர். நான்தான் கடைக்குப் போய் தைலம் வாங்கிவந்தேன். தேய்த்துவிட ஆளையும் நான்தான் ஏற்பாடு செய்தேன். இரண்டு நாள் நன்றாக அழுத்தித் தேய்த்தார். மூன்றாம் நாள் காலை அத்தான் என்னைப் பார்த்து, "மாப்ளே, மூச்சு வாங்குது" என்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்து பார்த்த டாக்டர் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். "இது எப்போ வீங்கினது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

தேய்த்ததால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை. தேய்க்காமலே கூட அந்தக் கட்டி நகர்ந்திருக்கலாம். ஆனால் அப்படி ஒரு கட்டி இருக்கக்கூடும் என்பதே தெரியாமல் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது பாருங்கள், அதுதான் என் ஆதங்கம்.

விஷயம் இதுதான். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது ஒரு பம்பு மாதிரி. கால் அசையாவிட்டால் ரத்தம் தேங்கி, உள் நரம்பில் உறைந்து கட்டியாகிறது. அது பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைத்தால் ஆள் நொடியில் போகலாம். இதை ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே விளக்கிவிட்டார். புதுச் சங்கதி ஒன்றும் இல்லை.

அத்தானுக்குத் தொடை வரை இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் ஒரு ஜோடி வாங்கச் சொன்னார்கள்; வாங்கினோம், போட்டோம். ஓய்வூதியக்காரனுக்குப் பொழுது நிறைய. அவர் போன பிறகு தேடித் தேடிப் படித்தேன். எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் டென்னிஸ் தலைமையில் பக்கவாத நோயாளிகளை வைத்தே பெரிய சோதனைகள் நடத்தியிருக்கிறார்கள். 2009ல் வந்த முடிவு: 2,500 பேருக்கு மேல் பார்த்ததில், ஸ்டாக்கிங்ஸ் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ரத்தக்கட்டியில் வித்தியாசமே இல்லை, இருவரிலும் சுமார் 10 சதவீதம். தோல் உரிந்து புண்ணானதுதான் மிச்சம். 2013ல் இன்னொரு முடிவு வந்தது. காலில் உறை மாதிரி சுற்றி, காற்றை நிரப்பி நிரப்பி விடுவிக்கும் ஒரு இயந்திரம். பக்கவாதம் வந்த மூன்று நாளுக்குள் அதை மாட்டியவர்களில் கட்டி வந்தது 8.5 சதவீதம், மாட்டாதவர்களில் 12.1. மந்திரம் இல்லை, ஆனால் அந்த மூன்றரைக்குள் யார் வீட்டு அத்தான் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசியும் உண்டு. அது ரத்தம் உறையாமல் தடுக்கும். மூளையில் கசிவையும் உண்டாக்கக்கூடும். ஆளைப் பார்த்து டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். அதேபோல, "உடனே எழுப்பி நடக்கவை" என்று பக்கத்து வீட்டார் சொல்வதையும் கேட்க வேண்டாம். 2015ல் வெளியான இன்னொரு சோதனையில், முதல் 24 மணிக்குள்ளேயே அடிக்கடி, நிறைய நேரம் எழுப்பி நடமாட வைத்தவர்கள் மூன்று மாதம் கழித்துச் சற்று மோசமாகத்தான் இருந்தார்கள். எப்போது, எவ்வளவு என்பதை அவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் அக்கா, "தம்பி, தண்ணி நிறைய குடுக்காதடா, துணி மாத்த ஆளில்ல" என்பாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். எழுபது வயதில் தன்னைவிடக் கனமான மனிதரை ராத்திரியில் நான்கு தடவை புரட்டியவள் அவள். ஆனால் உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும். விழுங்க முடிகிறதா என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, வாயிலோ குழாயிலோ, சொன்ன அளவு தண்ணீர் போய்த்தான் ஆக வேண்டும்.

என் அபிப்பிராயம் இதுதான். பக்கவாதம் பார்க்கிற ஒவ்வொரு வார்டிலும், அரசு ஆஸ்பத்திரி உட்பட, அந்தக் காற்று உறை இயந்திரம் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், காசே செலவில்லாதது: டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் நான்கு வரி. ஒரு கால் மட்டும் வீங்கினால், வலித்தால், சூடாக இருந்தால் தேய்க்காதே. திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வா. அதை நர்சம்மா ஒருமுறை வாயாலும் சொல்லிவிடட்டும். எங்களுக்கு ஏழு பக்க பில் அச்சடித்துக் கொடுக்க முடிந்தது, இந்த நான்கு வரிக்கு மட்டும் இடமில்லையா?

விழுந்த காலில் வருகிற வீக்கமெல்லாம் கட்டி அல்ல என்பதும் உண்மைதான். டாப்ளர் ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இரண்டு கெண்டைக்காலின் சுற்றளவுக்கும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் தெருவில் போன மாதம் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் அங்கே போகிறேன். முதலில் அவர் மகன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இப்போது அவனே அளந்து, காலண்டரில் குறித்துவைத்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறான்.