இரண்டாவது ரத்த மாதிரி

ஓர் ஊரில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் பரவினால் மருத்துவ முகாம் நடத்தப்படுகிறது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் குளோரின் கலக்கப்படுகிறது. குடிநீர் மாதிரி ஆய்வுக்கு அனுப்பப்படுகிறது. சில நாள்களில் நோய் தணிந்ததும் கோப்பு மூடப்படுகிறது. நோயை உண்டாக்கிய கிருமி எது என்ற கேள்வி பல நேரங்களில் விடையின்றியே நின்றுவிடுகிறது.

அந்த விடை இன்றியமையாதது. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனை, நீரில் மலக்கழிவு கலந்துள்ளதா என்பதையே காட்டும், வைரஸைக் காட்டாது. நோரோ வைரஸ் குளோரினை ஓரளவு தாங்கக்கூடியது. உணவு பரிமாறுபவரின் கைகள் வழியாகவும் பரவக்கூடியது. அத்தகைய பரவலில் தொட்டியை மட்டும் தூய்மை செய்வது பாதி வேலையே.

1968-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், நார்வாக் நகரப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டே நாள்களில் நோயுற்றனர். பாக்டீரியா எதுவும் பிடிபடவில்லை. 1972-இல் ஆல்பர்ட் கபிகியான் குழுவினர், அந்தப் பரவலிலிருந்து பெறப்பட்ட மலக்கரைசலுடன், நோயுற்றுக் குணமடைந்தவரின் ரத்த நிணநீரைச் சேர்த்தனர். அதிலிருந்த எதிர்ப்பொருள்கள் வைரஸ் துகள்களைப் பற்றித் திரளச் செய்ததால், அவை மின்னணு நுண்ணோக்கியில் புலப்பட்டன. நோரோ வைரஸ் அறியப்பட்டது இவ்வாறுதான்.

இன்று மல மாதிரியில் செய்யப்படும் பிசிஆர் பரிசோதனையே முதல் தேர்வு. ஆனால், உரிய காலத்தில் அந்த மாதிரியை எடுக்கத் தவறினால், எஞ்சியிருக்கும் சாட்சி ரத்தமே. பெரியவர்களில் பலருக்குப் பழைய தொற்றின் எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கும் என்பதால் ஒரே மாதிரி போதாது. நோயின் முதல் வாரத்தில் ஒன்று, மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் மற்றொன்று என இரு மாதிரிகள் தேவை. எதிர்ப்பொருள் அளவு நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் தொற்று அண்மையில் ஏற்பட்டது என்று பொருள்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் கீழ்பென்னாத்தூர் போன்ற பேரூராட்சிக்கு இது எட்டாக்கனி அன்று. ரோட்டா வைரஸ் ஆய்வில் நீண்ட அனுபவமும், ரோட்டாவேக் தடுப்பூசிச் சோதனையில் பங்கும் கொண்ட கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பக்கத்து வேலூரில் இருக்கிறது. சென்னை கிண்டியில் 1899-இல் நிறுவப்பட்ட கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் உண்டு. இல்லாதது, நோய் தணிந்த பின் அதே வீடுகளுக்கு மீண்டும் செல்லும் ஏற்பாடுதான்.

பொருளாதாரக் கணக்கிலும் இது வீண்செலவாகாது. சுகாதாரப் பணியாளரின் இரண்டாவது பயணச் செலவு சிறிது. காரணம் அறியாமல் நோய் திரும்பினால் தினக்கூலிக் குடும்பங்கள் இழக்கும் வருமானம் பெரிது. அந்த இழப்பு எந்த அரசுக் கணக்கிலும் ஏறாததால்தான், பரிசோதனை மட்டும் செலவாகத் தெரிகிறது. ஒவ்வொரு பரவலிலும் குறைந்தது பத்துப் பேரிடமாவது மல மாதிரியும், அவர்கள் இசைவுடன் இரு ரத்த மாதிரிகளும் பெறுவதை மாவட்ட நிர்வாகம் நடைமுறையாக்க வேண்டும். முடிவு அந்தப் பேரூராட்சிக்கும் மக்களுக்கும் தெரிவிக்கப்பட்ட பிறகே கோப்பு மூடப்பட வேண்டும்.